பக்கத்து வருடத்துக் கார்கள்: டெட்ராய்ட் முதல் ஆபர்ன் வரை

வியாழன், டியர்பார்ன்

பழைய அமெரிக்கக் கார்களைப் பார்க்க மிச்சிகன் வருகிறவர்கள் பெரும்பாலும் பெயர்பெற்ற வருடங்களைத் தேடித்தான் வருகிறார்கள். 57 செவர்லே, 59 காடிலாக், 63 கார்வெட், 65 மஸ்டாங். எனக்கு அவற்றுக்கு முந்தைய வருடத்து வண்டியும் பிந்தைய வருடத்து வண்டியும் வேண்டும். ஒரு காரைத் தனியாகப் பார்த்தால் 'அழகு', 'அசிங்கம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த வருடத்து வண்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வடிவமைத்தவர் எதை மாற்றினார், எதைத் தொட அவருக்கு அனுமதியே இல்லை என்பது புரியும்.

மச்சினன் டெட்ராய்டுக்குப் பக்கத்திலுள்ள நோவையில் குடியிருக்கிறான். கார் சீட் செய்யும் கம்பெனியில் வேலை. வண்டி ஓட்ட அவன், வேடிக்கை பார்க்க நான் என்று ஏற்பாடு. ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, கிரில் மட்டும்தானே மாறியிருக்கு, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

கிரில், அதாவது வண்டியின் முகத்திலுள்ள சல்லடைத் தட்டி, மட்டும் மாறியதற்குக் காரணம் பணம். கதவு, கூரை, மட்கார்டு இவற்றைத் தகட்டில் அடித்தெடுக்கும் அச்சுகளுக்குச் செலவு ஏராளம். ஒரு பாடியை இரண்டு மூன்று வருடமாவது ஓட்டினால்தான் போட்ட காசு திரும்பும். ஆனால் கடைக்கு வருடாவருடம் புதுமுகம் வேண்டும். ஃபோர்டு 1908 முதல் 1927 வரை ஒரே மாடல் டி-யை விற்றுக்கொண்டிருந்தது. அதை முந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் பிடித்த வழிதான் இந்த வருடாந்திர மாற்றம். 1927-ல் ஹார்லி எர்ல் என்பவரை அழைத்து, தோற்றத்துக்கென்றே ஒரு தனிப் பிரிவை அவர் கையில் கொடுத்தார். அப்புறம் எல்லாக் கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. 1957 மாடல் என்றால் 1956 இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். அறிமுக நாள் வரை ஷோரூம் கண்ணாடிகளைத் தாள் ஒட்டி மறைத்து வைப்பார்கள். சினிமா வெளியீடு தோற்றது.

ஆகவே வருடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் குறைந்த செலவில் மாற்றக்கூடியது எங்கே இருக்கிறதோ அங்கே பார்க்க வேண்டும். கிரில், விளக்கு, பக்கவாட்டுக் குரோம் பட்டை, பம்பர்.

இந்த அருங்காட்சியகத்தில் முதல் எண் போட்ட மஸ்டாங் இருக்கிறது. காட்சிக்காகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பிய வண்டியை, அங்கிருந்த டீலர் ஒரு விமானிக்கு விற்றுவிட்டார். அதைத் திரும்ப வாங்க ஃபோர்டு அவருக்குப் பத்து லட்சத்து ஒன்றாவது மஸ்டாங்கைக் கொடுக்கவேண்டி வந்தது. 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமானதால் இந்த ஆரம்ப வண்டிகளை ஆர்வலர்கள் '64½' என்பார்கள். கம்பெனிக் கணக்கில் எல்லாமே 1965 தான். 65-ல் தேன்கூட்டுக் கிரில். நடுவிலுள்ள குதிரையைக் குரோம் சட்டங்கள் நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும். 66-ல் சாதாரண மஸ்டாங்கில் அந்தச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். குதிரை அந்தரத்தில் நிற்கிறது. உள்ளேயும் ஃபோர்டின் இன்னொரு காரான ஃபால்கனிடமிருந்து வந்த நீள ஸ்பீடோமீட்டர் போய் ஐந்து வட்டமானிகள் வந்தன. 66 தான் சுத்தமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கென்னடி சுடப்பட்டபோது போய்க்கொண்டிருந்த லிங்கனும் அதே கூடத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் கூட்டம்.

வெள்ளி, வாரன்

ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்ப மையத்தை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஈரோ சாரினென் வடிவமைத்தது, 1956 மே மாதம் திறந்தார்கள். மின்னும் உலோகக் கூரை போட்ட அந்தக் குவிமாடத்துக்குக் கீழேதான் களிமண் மாதிரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, இது போகும், இது போகாது என்று தீர்மானிப்பார்கள்.

மவுண்ட் சாலையில் தெற்கே வண்டியை விடச் சொன்னேன். காரணம் ஒரு கதை. 1956 ஆகஸ்டில், சக் ஜோர்டன் என்ற இந்தக் கம்பெனியின் இளம் வடிவமைப்பாளர் மதிய இடைவேளையில் இந்தப் பக்கமாகக் காரில் வந்தார். போட்டிக் கம்பெனியான கிரைஸ்லரின் வேலிக்குப் பின்னால் இன்னும் வெளிவராத 1957 ப்ளிமத்கள் வரிசையாக நின்றன. தாழ்வான உடம்பு, மெல்லிய கூரை, பின்னால் ஏறிப் பறக்கும் துடுப்புகள். கிரைஸ்லரின் வடிவமைப்புத் தலைவர் வர்ஜில் எக்ஸ்னர் வரைந்தவை. தன் அலுவலகத்தில் 1959-க்காகச் செய்துவைத்திருந்த மாதிரிகள் குண்டாகவும் கிழடாகவும் தெரிந்திருக்கும். திரும்பிப்போய் மற்றவர்களிடம் சொன்னார், அவர்களும் வந்து பார்த்தார்கள். எர்ல் அப்போது ஐரோப்பாவில். அவர் ஊர் திரும்புவதற்குள் பழைய மாதிரிகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைய ஆரம்பித்துவிட்டார்கள். எர்ல் கோபிப்பார் என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். அவர் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஜோர்டன் பிற்காலத்தில் அதே கம்பெனியின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார்.

இதில் பலியானது 1958. அந்த வருடத்து வண்டிகளுக்கு அச்சு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இனி மாற்ற முடியாது. அதனால்தான் செவர்லே 57, 58, 59 மூன்றையும் வரிசையாக நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றே சொல்லமுடியாது. மூன்று வருடம், மூன்று பாடி. 58-ன் பாடி ஒரே வருடத்தோடு காலி. செவர்லேயின் கணக்குப்பிள்ளைகளுக்கு எப்படி வயிறு எரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதல் இம்பாலா பிறந்தது அந்த அநாதை வருடத்தில்தான். பக்கத்துக்கு மூன்று வட்ட டெயில் லைட். 59-ல் அது பூனைக்கண் விளக்கானது, 60-ல் மறுபடி மூன்று வட்டத்துக்குத் திரும்பினார்கள்.

சாயங்காலம் வுட்வர்ட் அவென்யூ. பழைய கார்களின் ஊர்வலமான 'டிரீம் குரூஸ்' ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமைதான் என்றாலும் பழைய வண்டிக்காரர்கள் சில நாள் முன்னாலேயே வந்து மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலிக்குப் பின்னால் ஜோர்டன் பார்த்த அதே 57 ப்ளிமத்தை ராயல் ஓக்கில் ஒரு வாகன நிறுத்தத்தில் பார்த்தேன். 'திடீரென்று 1960 வந்துவிட்டது' என்று விளம்பரம் செய்து விற்ற வண்டி. நான்கு ஹெட்லைட் இருப்பதுபோல் தெரியும், குனிந்து பார்த்தால் உள்பக்கத்து இரண்டும் சிறிய பார்க்கிங் விளக்குகள். அப்போது நாலு ஹெட்லைட்டுக்கு எல்லா மாநிலங்களும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. எக்ஸ்னர் இடத்தை ஒதுக்கி, தோற்றத்தை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். 58-ல் உண்மையான நாலு விளக்கு வந்தது. பின்பக்கத்தில் 57-ன் துடுப்பு முழுவதையும் நிரப்பிய டெயில் லைட் சுருங்கி அடியில் ஒரு வட்டமானது. மேலே மிச்ச இடத்தில் குரோம். முன்னால் லாபம், பின்னால் நஷ்டம். தவிர, 57 கிரைஸ்லர் வண்டிகள் அவசரத்தில் செய்ததால் துருப்பிடிப்பதில் பேர்போனவை. இன்று ஒன்று முழுசாக நிற்கிறதென்றால் யாரோ அதற்காகப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள்.

அதே இடத்தில் ஒரு 63 கார்வெட். பின் கண்ணாடியை நடுவில் ஒரு முதுகெலும்பு இரண்டாகப் பிளக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்பாளர் பில் மிட்செலின் பிடிவாதம் அது. பொறியாளர் ஸோரா அர்குஸ்-டன்டோவ், பின்னால் வருவது தெரியாது என்று எதிர்த்தார். 64-ல் ஒரே கண்ணாடி ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் 63 வைத்திருந்த சிலர் நடுச்சட்டத்தை அறுத்தெடுத்துவிட்டு 64-ன் கண்ணாடியை மாட்டினார்கள், வண்டி புதுசாகத் தெரியட்டுமே என்று. இன்று அந்தப் பிளவுக்காகத்தான் 63-க்கு விலை எகிறுகிறது.

சனி, வுட்வர்ட்

காலை எட்டு மணிக்கே பெட்ரோல் வாசனை. ஃபெர்ன்டேலிலிருந்து போன்டியாக் வரை சாலை நெடுக வண்டிகள் ஊர்கின்றன. 1995-லிருந்து நடக்கிறது. நடைமேடையில் ஒரு நிழலைப் பிடித்து நின்றுகொண்டால் போதும், வருடங்கள் தாமாக முன்னால் வரும். சூடேறி நின்றுபோன வண்டிகளும் பானெட்டைத் திறந்தபடி ஓரத்தில் வரிசையாக நின்றன.

பர்மிங்ஹாம் பக்கம் ஒரு புல்தரையில் 55, 56, 57 செவர்லே பெல் ஏர் மூன்றும் அடுத்தடுத்து நின்றன. நான் இவ்வளவு தூரம் வந்ததே இதற்காகத்தான். மூன்றுக்கும் கூரை ஒன்று, கண்ணாடிகள் ஒன்று. 55-ன் முகத்தில் சிறு கட்டங்களாலான, அடக்கமான கிரில். ஃபெராரியைப் பார்த்துச் செய்தது. வாங்குபவர்களில் பழமைவிரும்பிகளுக்கு அது சின்னதாகப்பட்டது. 56-ல் கிரில்லை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துவிட்டார்கள். 57-ல் உண்மையில் புதிய பாடி வரவேண்டியிருந்தது. வேலை முடியாததால் பழையதையே இன்னொரு வருடம் ஓட்டவேண்டிய நிலை. அதை மறைக்கத்தான் அத்தனை ஜோடனை: பின்னால் துடுப்பு, பானெட்டில் இரட்டைத் துப்பாக்கிக் குறி, பெல் ஏருக்குத் தங்க நிறக் கிரில், பின் பக்கவாட்டில் வரிவரியாகத் தேய்த்த அலுமினியத் தகடு. சக்கரத்தை 15 அங்குலத்திலிருந்து 14-க்குக் குறைத்து வண்டியைத் தாழ்வாகக் காட்டினார்கள். காற்று உள்ளே போகும் வழியைக் கூட ஹெட்லைட் கூட்டுக்குள் நுழைத்துவிட்டார்கள்.

56-ன் சொந்தக்காரர், எழுபது வயது இருக்கும், நான் சுற்றிச்சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "பெட்ரோல் எங்கே போடுவது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். மச்சினன் இரண்டு பக்கமும் போய்த் தடவிப் பார்த்தான். மூடியே இல்லை. அவர் இடது டெயில் லைட்டின் மேல் கைவைத்துத் திருகி இழுத்தார். விளக்கு மொத்தமும் கீல் வைத்த கதவாகச் சாய்ந்தது. உள்ளே பித்தளை நிறத்தில் மூடி, அதைச் சுற்றிக் கறுத்துப்போன ஒரு ரப்பர் வளையம். "இங்கே வாங்க" என்று பக்கத்து 57-க்கு அழைத்துப்போனார், அது அவருடைய நண்பருடையதாம். இடது துடுப்பின் பின் விளிம்பில் செங்குத்தாக ஓடும் குரோம் பட்டையின் ஒரு பகுதியைத் தள்ளியதும் அது திறந்தது. ஒரே பெட்ரோல் வாய், இரண்டு வருடத்தில் இரண்டு ஒளிவிடம். ஒரு மூடியை மறைக்க இத்தனை மூளையைச் செலவழித்த காலம். மச்சினன் முதல் முறையாகப் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

மூன்றில் எது என்று கேட்டால் நான் 55-க்குத்தான் ஓட்டுப் போடுவேன். அதில் ஒட்டவைத்தது எதுவும் இல்லை. ஆனால் உலகம் 57-ஐத்தான் தேர்ந்தெடுத்தது. அதிலும் ஒரு வேடிக்கை. 1957 மாடல் ஆண்டு விற்பனையில் செவர்லேயை ஃபோர்டு முந்தியது. சுமார் 16.7 லட்சம் ஃபோர்டு, 15 லட்சம் செவர்லே. அன்று ஷோரூமில் நின்றவர்களுக்குப் புதிய பாடியோடு, நீளமாக, தாழ்வாக வந்திருந்த ஃபோர்டுதான் புதுசு. செவர்லே மூன்றாம் வருடத்து வண்டி. வுட்வர்டில் இன்று ஒரு 57 ஃபோர்டைக் கண்ணில் காண மதியம் வரை காத்திருந்தேன்.

அதற்கப்புறம் வந்தவைதான் 59, 60 காடிலாக். இரண்டும் ஒருவரிடம் இல்லை, ஒன்றின் பின் ஒன்றாகத் தற்செயலாக ஊர்ந்துவந்து எங்கள் முன்னால் சிக்னலில் நின்றன. 59 ஏறக்குறைய 18¾ அடி. அந்தத் துடுப்பின் உயரம் படங்களில் சரியாகப் பிடிபடுவதில்லை. பின்னால் நிற்கும் வண்டியின் பானெட்டைத் தாண்டி மேலே எழுகிறது. நடுவில் இரண்டு சிவப்புக் குண்டு விளக்குகள். பின் பம்பருக்கு மேலேயும் ஒரு பொய்க் கிரில். சின்னச் சின்ன உலோக மொட்டுகள். முன் கிரில்லை ஒரு தடித்த குறுக்குச் சட்டம் மேல்தளம், கீழ்த்தளம் என்று பிரிக்கும்.

60 அதே பாடிதான். அதே வளைந்த முன் கண்ணாடி, கதவைத் திறந்தால் முழங்காலில் இடிக்கும் அதே மூலை. ஆனால் துடுப்பை இறக்கி, குண்டு விளக்குகளை எடுத்துவிட்டார்கள். துடுப்பின் ஓரத்திலேயே கத்தி விளிம்பாக ஒரு மெல்லிய செங்குத்து விளக்கு. முன்னால் குறுக்குச் சட்டத்தைக் காணோம், ஒரே பரப்பாக மொட்டுகள். எடுத்தது நாலைந்து சாமான், அவ்வளவுதான். வண்டி மூச்சுவிடுகிறது. எர்ல் 1958 கடைசியில் ஓய்வு பெற்றார், மிட்செல் அந்த நாற்காலிக்கு வந்தார். மிட்செலுக்குக் குரோமை அள்ளிப் பூசுவது பிடிக்காது. மடிப்புக் கலையாத சட்டைபோல் வண்டி இருக்கவேண்டும் என்பவர்.

59-ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அளவுக்குத் துணிந்து ஒரு பொருளை எந்தக் கம்பெனியும் பிறகு செய்யவில்லை. போஸ்டருக்கு 59, வீட்டு வாசலில் நிறுத்த 60. வாசலில் இடம் இருந்தால்.

1959 ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைப் பற்றி இன்னொன்று: செவர்லேயிலிருந்து காடிலாக் வரை ஐந்து பிராண்டுக்கும் முன் கதவின் உள்சட்டம் ப்யூக்கினுடையது. காசை மிச்சம்பிடிக்க அப்படி ஓர் ஏற்பாடு. வெளியே ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தெரிவதுதான் அந்த வடிவமைப்பாளர்களின் கெட்டிக்காரத்தனம்.

ஞாயிறு, ஹிக்கரி கார்னர்ஸ்

மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். சோளக்கொல்லைகளுக்கு நடுவில் சிவப்புக் களஞ்சியங்கள், அவற்றுக்குள் கார்கள். கில்மோர் அருங்காட்சியகம். காடிலாக்குக்கென்று பழைய ஷோரூம் பாணியில் தனிக் கட்டடமே இருக்கிறது.

நேற்று பார்த்த துடுப்பின் பிறப்பு 1948-ல். போருக்கு முன்பு எர்ல் தன் ஆட்களை டெட்ராய்டுக்குப் பக்கத்திலுள்ள செல்ஃப்ரிட்ஜ் விமானத்தளத்துக்கு அழைத்துப்போய், இரட்டை வால் கொண்ட பி-38 போர்விமானத்தைக் காட்டினார். அதன் விளைவாக 48 காடிலாக்கின் பின்னால் எழும்பிய மேடு இன்றைய கண்ணுக்குத் துடுப்பே அல்ல. 49-ல் தோற்றம் அப்படியேதான், ஆனால் பானெட்டுக்குக் கீழே புத்தம்புது வி8 எஞ்சின். உள்ளே 48-க்கு மட்டும் வானவில் வளைவில் ஒரு மானிக்கூடு உண்டு. செய்வதற்குச் செலவு அதிகம் என்று அடுத்த வருடமே கைவிட்டார்கள். ஆக ஒன்றுக்குத் துடுப்பு முதலில், மற்றதுக்கு எஞ்சின் முதலில். ஓட்டுவதற்கு 49. டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க 48.

ஃபோர்டின் எட்செல் பற்றி அதிகம் எழுத மனமில்லை. 58-ல் குதிரையின் கழுத்துப்பட்டைபோல் நின்ற கிரில்லைப் பார்த்து ஊரே சிரித்தது. 59-ல் அதை அமுக்கினார்கள். 60-ல் எடுத்தே விட்டு முந்தின வருடத்துப் போன்டியாக்கின் சாயலில் ஒரு முகத்தை மாட்டினார்கள். அதற்குள் 1959 நவம்பரில் கதையை முடித்துவிட்டார்கள். 60 வண்டிகள் மூவாயிரத்துக்கும் குறைவு. சிரிப்புக்குக் காரணமான அந்த மூக்கு இருந்தவரைக்குமாவது அதற்கு ஓர் அடையாளம் இருந்தது.

திங்கள், சவுத் பெண்ட்

இண்டியானாவுக்குள் வந்துவிட்டோம். ஸ்டுடிபேக்கரின் ஊர். 1852-ல் மாட்டு வண்டி, குதிரை வண்டி செய்யத் தொடங்கிய குடும்பம், 1963 டிசம்பரில் இங்கே கார் உற்பத்தி நின்றது.

1950 ஸ்டுடிபேக்கரின் மூக்கு விமானத்தின் முன்முனையைப் பெயர்த்து வைத்தது. நடுவில் குண்டு, சுற்றிக் குரோம் வளையம். 51-ல் வெளி வளையத்தைச் சுருக்கி வண்டியின் நிறத்தையே பூசிவிட்டார்கள். 52-ல் குண்டையே எடுத்தாயிற்று. கிரில் தரையை வாரும் அகப்பையாகத் தாழ்ந்துபோனது. மூன்றே வருடத்தில் ஒரு கம்பெனி எப்படித் தன்மேல் நம்பிக்கை இழந்தது என்பதை மூக்கிலேயே பார்க்கலாம். 53-ல் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழுவில் ராபர்ட் போர்க் வரைந்த கூப்பே வந்தது. அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டில் செய்த கார்களிலேயே மிக அழகானது அதுதான் என்று சொல்பவர்கள் கட்சி நான்.

வருத்தமாக இருந்தது 58 பாக்கார்டு. டெட்ராய்டின் பெருமையாக இருந்த பெயர், கடைசியில் இந்த ஊரில் ஸ்டுடிபேக்கர் பாடி மேல் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது. 58-ல் எல்லாரும் நாலு ஹெட்லைட்டுக்கு மாறினார்கள். புது மட்கார்டுக்கு அச்சுப் போட இவர்களிடம் காசில்லை. ஃபைபர் கிளாஸில் ஒரு கூடு செய்து, பழைய மட்கார்டின் முனையில் மாட்டி, அதற்குள் இரண்டு விளக்கைச் செருகினார்கள். பின்னால் துடுப்புக்கு மேல் இன்னொரு துடுப்பு. பக்கத்தில் நின்று பார்த்தால் கூடு எங்கே ஆரம்பிக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். மச்சினன் வெகுநேரம் அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கம்பெனியில் இப்படி நடந்திருக்குமோ என்னவோ, கேட்கவில்லை.

செவ்வாய், ஆபர்ன்

ஆபர்ன் கார் கம்பெனியின் பழைய தலைமை அலுவலகமே இப்போது அருங்காட்சியகம். 1930-ல் கட்டியது. வந்தவர்களைக் கீழே ஷோரூமில் உட்காரவைத்துக் கார் விற்ற அதே கூடம்.

ஆபர்னோடு சேர்ந்த கார்டு என்ற பிராண்டின் வண்டிகள்: 1936 கார்டு 810, 1937 கார்டு 812. கோர்டன் பியூரிக் வரைந்த சவப்பெட்டி மூக்கு வண்டி. அந்தக் காலத்தில் எல்லாக் காருக்கும் இருந்த ஏறுபலகை இதற்கு இல்லை, தனியாகக் கிரில்லே இல்லை. முன்பக்கத்தை முழுசாகச் சுற்றிவரும் படுக்கைக் கோடுகள் மட்டும். ஹெட்லைட்டுகள் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்டின்சன் விமானத்தின் இறங்குவிளக்குகளை எடுத்துப் போட்டது. டாஷ்போர்டின் இரண்டு கோடியிலும் ஆளுக்கொரு கைப்பிடி. ராத்திரியில் ஓட்டுநர் ஒன்றைச் சுற்ற, பக்கத்தில் இருப்பவர் மற்றதைச் சுற்றவேண்டும்.

810-க்கும் 812-க்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், 37-ல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் கிடைத்தது. அது போட்ட வண்டிகளுக்குப் பானெட்டின் பக்கத்திலிருந்து வளைந்த குரோம் குழாய்கள் வெளியே வரும். மற்றபடி மாற்றம் என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றுமில்லை. விற்காமல் நின்ற 810-களுக்கே எண் மாற்றி 812 என்று விற்றிருக்கிறார்கள். கம்பெனி 1937-ல் மூடிவிட்டது.

குழாயைப் பார்த்து வருடம் சொல்லிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். பிற்காலத்தில் பலர் சாதாரண வண்டிகளிலும் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள், அழகுக்காக. எண் தகட்டைப் படித்தால்தான் தெரியும். அதையும் கம்பெனியே மாற்றியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இங்கே வர நினைப்பவர்களுக்கு: லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதியில் ஆபர்னில் இந்தக் கார்களின் திருவிழா, ஊர் முழுக்க ஓட்டிக்காட்டுவார்கள். அப்போது அறை கிடைப்பது கஷ்டம். மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.